விளக்கை மாற்றினால் மாறும் நிறம்

நியோடிமியம் ஆக்சைடு கலந்த கிளேஸைப் பூசிச் சுட்ட ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தைக் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். இளம் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அதே கிண்ணத்தைப் பழைய வெள்ளை டியூப்லைட் எரியும் அறைக்குக் கொண்டுபோனால் ஊதா வடிந்து, சாம்பல் கலந்த நீலமாகிவிடும். குண்டு பல்பின் கீழே வைத்தால் இளஞ்சிவப்புப் பக்கம் சாயும். கிண்ணம் அதே கிண்ணம்தான். வெளியே எடுத்து வந்தால் கத்தரிப்பூ நிறம் திரும்பிவிடும்.

பீங்கான் செய்கிறவர்களுக்கு நிறம் மாறுவது புதிதல்ல. ஆனால் அவர்கள் அறிந்த மாற்றமெல்லாம் சூளைக்குள் நடந்து முடிந்துவிடும். தாமிரத்தைச் சோடியம் மிகுந்த கிளேஸில் போட்டால் மயில் நீலம் வரும். ஈயக் கிளேஸில் போட்டால் இலைப் பச்சை. சூளையில் காற்றை அடைத்து, ஆக்சிஜன் பற்றாத புகை நெருப்பில் சுட்டால் அதே தாமிரம் ரத்தச் சிவப்பாகும். இரும்பும் அப்படித்தான்: காற்றோட்டமான சூளையில் தேன் நிறமும் பழுப்பும், ஆக்சிஜன் குறைந்த சூளையில் சீனத்துச் செலடான் பாண்டங்களின் பாசிப் பச்சை. சீனாவிலும் கொரியாவிலும் தலைமுறை தலைமுறையாகக் குயவர்கள் கற்றுத் தேர்ந்த வித்தையில் பெரும்பகுதி, இந்த இரண்டு உலோகங்களை நெருப்பால் வழிக்குக் கொண்டுவருவதுதான். சூளை ஆறிப் பாண்டம் வெளியே வந்துவிட்டால் நிறம் முடிவாகிவிட்டது.

நியோடிமியம் இதைத் தலைகீழாக்குகிறது. சூளையில் என்ன செய்தாலும் அது ஏறக்குறைய அசைவதில்லை. ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், 1000 டிகிரியானாலும் 1300 டிகிரியானாலும், அதே வெளிறிய ஊதாதான். மாற்றமெல்லாம் அதற்குப் பிறகு, பார்க்கிறவரின் அறையில் நிகழ்கிறது. இந்த இரண்டு குணங்களும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை. நியோடிமியம் அடங்கிய அருமண் தனிமக் குடும்பத்தைப் பற்றி நான் அறிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

கிளேஸ் என்பது பாண்டத்தின் மேல் உருகி ஒட்டிய மெல்லிய கண்ணாடிப் படலம். சிலிக்காவும் அலுமினாவும் அதன் உடல். சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்றவை அதை உருகவைப்பவை. இந்தக் கண்ணாடிக்குள் சிதறிக் கிடக்கும் உலோக அயனி வெள்ளை ஒளியிலிருந்து ஒரு பகுதியை விழுங்கிக்கொள்கிறது. மிச்சம் நம் கண்ணுக்கு நிறமாக வருகிறது. விழுங்குவது அயனியின் எலெக்ட்ரான். ஒளியின் ஆற்றலை வாங்கிக்கொண்டு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவுகிறது. அந்த இரு நிலைகளுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது, எந்த நிறம் போகும் என்பது.

கோபால்ட், தாமிரம், இரும்பு ஆகியவற்றில் தாவுவது 3டி எலெக்ட்ரான். அயனியின் வெளிவிளிம்பில் இருப்பது. சுற்றியுள்ள ஆக்சிஜன் அயனிகள் எத்தனை, எவ்வளவு நெருக்கம், எந்த வடிவில் சூழ்ந்திருக்கின்றன என்பதையெல்லாம் அது உணர்கிறது. அருமண்களில் தாவுவது 4எஃப் எலெக்ட்ரான். அதற்கு வெளியே 5எஸ், 5பி என்று இரண்டு நிரம்பிய எலெக்ட்ரான் கூடுகள் போர்த்தியிருக்கின்றன. டி எலெக்ட்ரான் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் என்றால், எஃப் எலெக்ட்ரான் இரண்டு கட்டு தாண்டி உள்ளறையில் இருப்பவர். தெருவில் நடப்பதெல்லாம் திண்ணைக்காரருக்குத் தெரியும். உள்ளறைக்கு எட்டுவது லேசான முணுமுணுப்பு மட்டும்.

இதிலிருந்து மூன்று விளைவுகள். சுற்றுப்புறம் எட்டாததால், கிளேஸின் சேர்மானத்தை மாற்றினாலும் நிறம் அதிகம் மாறாது. அதே காரணத்தால் அயனிகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே அலைநீளத்தில் ஒளியை விழுங்குகின்றன. கோபால்ட் நிறமாலையின் அகலமான பட்டையை அப்படியே அள்ளிக்கொள்ளும்; நியோடிமியம் சில ஒடுங்கிய கோடுகளை மட்டும் கத்தரித்து எடுக்கும். மூன்றாவது விளைவு கிளேஸ் கலப்பவரின் பணப்பையைத் தொடுவது: இந்த விழுங்கல் மிகப் பலவீனமானது. ஒரே வகைக் கூட்டுக்குள் எலெக்ட்ரான் தாவுவதைக் குவாண்டம் விதி தடுக்கிறது. கண்ணாடிக்குள் நான்கு ஆக்சிஜன்களுக்கு நடுவே மையச் சமச்சீரின்றி உட்கார்ந்திருக்கும் கோபால்ட்டுக்கு அந்தத் தடை நன்றாகத் தளர்ந்துவிடுகிறது. போர்வைக்குள் இருக்கும் எஃப் எலெக்ட்ரானுக்கு அவ்வளவாகத் தளர்வதில்லை.

அதனால்தான் நூறு கிராம் கிளேஸில் ஒரு கிராம் கோபால்ட் ஆக்சைடு ஆழ்ந்த நீலம் தருகிறது. நியோடிமியமோ 5 கிராம், 8 கிராம், சில சமயம் 10 கிராம் போட்டாலும் வெளிறிய நிறத்தையே தருகிறது. எடைக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஓர் அயனியின் பங்குக்குக் கோபால்ட் ஆக்சைடின் மோலார் எடை 75. நியோடிமியம் ஆக்சைடுக்கு 168. அதாவது ஒரே எடையில் நியோடிமிய அயனிகள் பாதிக்கும் குறைவு.

இந்தத் தனிமத்தின் வரலாறே நிறத்தோடு பின்னியது. 1841-ல் ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் குஸ்தாஃப் மொசாண்டர் டிடிமியம் என்ற பெயரில் ஒரு புதிய தனிமத்தைப் பிரித்ததாக நம்பினார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அதைத் தனிமமாகவே ஏற்றது. மெண்டெலீவின் அட்டவணையில்கூட அதற்கு இடம் இருந்தது. 1885-ல் வியன்னாவில் கார்ல் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக் அதன் உப்பைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கி, கரைத்து, மறுபடியும் படிகமாக்கிப் பிரித்துக்கொண்டே போனார். ஒரு முனையில் பச்சை உப்பும் மறுமுனையில் ஊதா உப்பும் சேர்ந்தன. பச்சை, பிரசியோடிமியம். ஊதா, நியோடிமியம்.

பிரிந்த பின்னும் அந்தப் பழைய கலவை கண்ணாடித் தொழிலில் தங்கிவிட்டது. கண்ணாடிக் குழாயை ஊதுகிறவர்கள் நெருப்பில் காட்டும்போது கண்ணாடியிலுள்ள சோடியம் 589 நானோமீட்டரில் கண்ணைக் கூசவைக்கும் மஞ்சளாக எரியும். வேலை செய்யும் இடம் கண்ணில் படாது. டிடிமியக் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடியை மாட்டினால் அந்த மஞ்சள் மட்டும் அணைந்துபோகும், மற்றதெல்லாம் தெரியும். காரணம், நியோடிமியத்தின் மிக வலுவான விழுங்கல் 580 நானோமீட்டரை ஒட்டி, அந்த மஞ்சளின் மேலேயே விழுகிறது.

நம் கிண்ணத்தின் புதிரும் இங்கேதான் அவிழ்கிறது. சூரிய ஒளியில் எல்லா அலைநீளமும் உண்டு. அதிலிருந்து நியோடிமியம் மஞ்சளையும் பச்சையில் ஒரு கீற்றையும் எடுத்துவிட்டால் நீலமும் சிவப்பும் மிஞ்சும்; கண்ணுக்கு ஊதா. பழைய வகை டியூப்லைட்டின் ஒளியில் பெரும்பங்கு 580 நானோமீட்டரைச் சுற்றிய மஞ்சள், சிவப்பு குறைவு. அந்த மஞ்சள் போய்விட்டால் ஊதாவாவதற்குச் சிவப்பு போதாது. பாதரசத்தின் நீலமும் பச்சையும்தான் மிச்சம். குண்டு பல்பில் சிவப்பு பொங்கி வழிவதால் மிச்சத்தில் அதன் கை ஓங்குகிறது. மற்ற நிறமிகள் அகலமான பட்டைகளை விழுங்குவதால் விளக்கின் வேறுபாடுகள் அவற்றில் கரைந்துவிடும். ஒடுங்கிய கோடுகளை விழுங்கும் நியோடிமியத்தில் அவை அப்படியே வெளிப்படுகின்றன.

1920-களின் கடைசியில், செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரி நகரில் லியோ மோசர் இந்தக் குணத்தைப் பயன்படுத்தி அலெக்சாண்ட்ரிட் என்ற கண்ணாடியைத் தயாரித்தார். அந்தப் பூச்சாடிகளில் நிறமாற்றம் பளிச்சென்று தெரியும். கிளேஸில் அவ்வளவு தெரிவதில்லை. இதற்கு எளிய காரணம் தடிமன். ஒரு தடித்த கண்ணாடிச் சாடியில் ஒளி ஒரு சென்டிமீட்டர்கூடப் பயணம் செய்யலாம். கிளேஸ் படலம் அரை மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர். ஒளி உள்ளே போய், வெள்ளைப் பீங்கானில் பட்டு, திரும்பி வரும்போது மொத்தம் அதைப்போல் இரண்டு மடங்கு.

ஆகவே இந்த நிறங்களுக்கு ஏற்ற பாண்டம் எது என்பது தானாகவே முடிவாகிறது. களிமண் தூய வெள்ளையாக இருக்க வேண்டும். உடலில் சிறிது இரும்பு இருந்தாலே அதன் மஞ்சள் சாயல் இந்த மெல்லிய நிறத்தை மூடிவிடும். கிளேஸ் தெளிந்திருக்க வேண்டும், தடிமனாகப் பூச வேண்டும். பாண்டத்தில் செதுக்கு வேலை இருந்தால் இன்னும் நல்லது. பள்ளங்களில் கிளேஸ் தேங்கி நிறம் அடர்கிறது, மேடுகளில் வெளிறுகிறது. பலவீனமான நிறம் அங்கே பலமாகிவிடும். ஒளிபுகாக் கிளேஸிலும் சொரசொரப்பான மங்கல் கிளேஸிலும் நியோடிமியத்தைப் போடுவது, விலை உயர்ந்த பொடியை வீணாக்குவது என்றுதான் சொல்வேன்.

ஆக்சைடைச் சேமிப்பதிலும் கவனம் வேண்டும். நியோடிமியம் ஆக்சைடும் லாந்தனம் ஆக்சைடும் காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சும். திறந்த டப்பாவில் வைத்த பொடியை நிறுத்தால் எடையில் ஒரு பகுதி தண்ணீராக இருக்கும், கணக்குத் தவறும். இறுக மூடி வைக்க வேண்டும், அல்லது சூடாக்கி உலர்த்திய பிறகு நிறுக்க வேண்டும். மற்ற எல்லாக் கிளேஸ் பொடிகளையும் போல, கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

அருமண்களில் இளஞ்சிவப்பு தருவது எர்பியம். அதன் மதிப்பு புரிய வேண்டுமானால், பீங்கானில் இளஞ்சிவப்புக்காக மனிதர்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தங்கத்தையும் வெள்ளீயத்தையும் கொண்டு காசியஸ் ஊதா என்ற நிறமியைச் செய்தார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மைசன் பீங்கான் தொழிற்சாலையிலும், சீனத்துப் பீங்கான்களிலும் தங்கத்தால் வந்த ரோஜா நிறம் பூத்தது. ஆனால் அது சுட்டு முடித்த கிளேஸின் மேல் தீட்டி, 800 டிகிரியை ஒட்டிய தணிந்த சூட்டில் மறுபடியும் சுட வேண்டிய வண்ணம். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையரில் பிறந்த குரோமியம்–வெள்ளீய இளஞ்சிவப்பு அழகானதுதான். ஆனால் கிளேஸில் கால்சியம் வேண்டும், துத்தநாகம் கூடாது. துத்தநாகம் நுழைந்தால் இளஞ்சிவப்பு செத்துப் பழுப்பு பிறக்கும். சூளையில் ஆக்சிஜன் குறைந்தாலும் ஆபத்துதான்.

எர்பியத்துக்கு இந்த நிபந்தனைகள் எதுவுமில்லை. அது 520 நானோமீட்டரைச் சுற்றிப் பச்சையை விழுங்குகிறது. மிச்சம் மென்மையான இளஞ்சிவப்பு. துத்தநாகம் இருக்கட்டும், புகை நெருப்பாக இருக்கட்டும், பீங்கான் சுடும் 1300 டிகிரியாக இருக்கட்டும், எர்பியம் மூன்று எலெக்ட்ரான் இழந்த அதே நிலையில் நின்று அதே நிறத்தைத் தரும். கரைந்த நிறம் என்பதால் படலம் தெளிவாகவும் இருக்கும். குரோமியம்–வெள்ளீய நிறமியில் அந்தத் தெளிவைப் பெறுவது கடினம். கடலடி இணையக் கேபிள்களில் ஒளிச் சமிக்ஞையை வழியிலேயே பெருக்கித் தருவதும் இதே எர்பியம்தான். அங்கே வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் தாவல்.

விளக்கோடு விளையாடுவதில் நியோடிமியத்தையும் மிஞ்சுவது ஹோல்மியம் என்ற அருமண். அதன் ஆக்சைடு பகல் ஒளியில் வெளிறிய மஞ்சள். சி.எஃப்.எல். விளக்கின் கீழே ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு. காரணம் சுவையானது. சி.எஃப்.எல். விளக்குகளின் வெள்ளை ஒளி முழு நிறமாலை அல்ல. நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று கூர்மையான உமிழ்வுகளின் கூட்டு. சிவப்பு யூரோப்பியத்திலிருந்து 611 நானோமீட்டரில் வருகிறது, பச்சை டெர்பியத்திலிருந்து 545-ஐ ஒட்டி. ஹோல்மியத்தின் விழுங்கல்களில் ஒன்று 540-ஐ ஒட்டி இருப்பதால் டெர்பியத்தின் பச்சையை அது நேராகக் கவ்விவிடுகிறது. பச்சை போனால் சிவப்பு மேலோங்கும். ஓர் அருமண் உமிழ்ந்ததை இன்னோர் அருமண் விழுங்குகிறது. விளக்கிலும் கிண்ணத்திலும் வேலை செய்வது ஒரே குடும்பத்தின் எஃப் எலெக்ட்ரான்கள். ஹோல்மியத்தின் கோடுகள் எவ்வளவு நிலையானவை என்றால், ஆய்வகங்களில் நிறமாலைக் கருவியின் அலைநீள அளவு சரியா என்று சோதிக்க ஹோல்மியக் கரைசலையும் கண்ணாடியையும்தான் வைக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கலைஞர்களின் சிறு பட்டறைக்கு உரியது. தொழிற்சாலைக்குள் அருமண் நுழைந்த வழி வேறு. அது பிரசியோடிமியத்தின் வழி.

பிரசியோடிமியத்தைக் கிளேஸில் கரைத்தால் மற்ற அருமண்களைப் போலவே பலவீனமான பச்சை வரும். ஆனால் அதற்கு இன்னொரு முகம் உண்டு. பெரும்பாலான அருமண்கள் மூன்று எலெக்ட்ரானை மட்டும் இழந்து நிற்கும்போது, இது தகுந்த இடம் கிடைத்தால் நான்காவதையும் இழக்கும். அந்தத் தகுந்த இடம் சிர்கான் படிகம். சிர்கோனியமும் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த, உருகிய கண்ணாடியிலும் எளிதில் கரையாத கல். அதில் சிர்கோனியம் நான்கு எலெக்ட்ரான் இழந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் சில இருக்கைகளில் நான்கு இழந்த பிரசியோடிமியம் நெருக்கிக்கொண்டு அமர்ந்துவிடும். அப்போது அருகிலுள்ள ஆக்சிஜனிலிருந்தே ஓர் எலெக்ட்ரான் பிரசியோடிமியத்துக்குத் தாவ முடிகிறது. இது கூட்டுக்குள் நடக்கும் தாவல் அல்ல; ஓர் அணுவிலிருந்து இன்னோர் அணுவுக்கு. குவாண்டம் விதி இதைத் தடுப்பதில்லை. நீலமும் ஊதாவும் மொத்தமாக விழுங்கப்பட்டு, எலுமிச்சை மஞ்சள் பளீரென்று வெளிப்படுகிறது.

செய்முறை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. சிர்கோனியம் ஆக்சைடு, சிலிக்கா, சில சதவீதம் பிரசியோடிமியம் ஆக்சைடு (கரும்பழுப்புப் பொடி, அதைப் பார்த்தால் மஞ்சள் வரும் என்று யாரும் நம்பமாட்டார்கள்), கொஞ்சம் சோடியம் ஃப்ளோரைடு. சுமார் 1000 டிகிரியில் வறுத்தால் போதும். ஃப்ளோரைடு இல்லாவிட்டால் சிர்கான் உருவாக இன்னும் பல நூறு டிகிரி தேவைப்படும். வறுத்ததைக் கழுவி அரைத்தால் நிறமி தயார். பாண்டத்தைச் சுடும்போது கிளேஸ் உருகினாலும், சிர்கான் கூண்டு கரையாமல் நின்று உள்ளிருப்பதைக் காக்கிறது.

இந்தக் கூண்டு முதலில் வேறொரு நிறத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. வனேடியத்தைச் சிர்கானில் அடைத்துக் கிடைக்கும் பச்சை கலந்த நீலத்துக்கு 1948-ல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் சீப்ரைட் காப்புரிமை பெற்றார். பின்னர் பிரசியோடிமிய மஞ்சளும், இரும்பு ஆக்சைடைச் சிர்கான் பொதிந்த பவழ நிறமும் சேர்ந்தன. மூன்றும் ஒரே கல்லின் மேல் கட்டப்பட்டவை என்பதால் ஒரே சூட்டைத் தாங்கும், ஒன்றோடொன்று கலக்கும். குளியலறை டைல்ஸ்களிலும் வாஷ்பேசின்களிலும் பார்த்துப் பழகிய வெளிர் பச்சை, இந்த நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் கிடைப்பது. ஈயமும் ஆன்டிமனியும் சேர்ந்த பழைய நேபிள்ஸ் மஞ்சளோடு ஒப்பிட்டால் இது நஞ்சற்றது. அதிக சூட்டையும் தாங்குவது. இன்று குஜராத்தின் மோர்பியில் டைல்ஸ் மேல் இன்க்ஜெட் இயந்திரம் அச்சிடும் மஞ்சள் மையிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

அந்த மஞ்சளுக்கு வேண்டிய இரண்டு கனிமங்களும் தமிழ்நாட்டில் ஒரே கடற்கரையில் கிடக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், கார்னெட்டோடு சிர்கானும் மோனசைட்டும் கலந்திருக்கின்றன. மோனசைட் அருமண்களின் பாஸ்பேட். 1909-ல் திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதை அடையாளம் கண்டார். அப்போது உலகுக்கு மோனசைட் தேவைப்பட்டது எரிவாயு விளக்கின் மேன்டிலுக்காக; பிற்பாடு நம் ஊர்த் திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸில் கட்டி எரித்த அதே வலை. 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்ட அந்த மேன்டிலை உருவாக்கியவர், டிடிமியத்தை இரண்டாகப் பிரித்த அதே ஆயர் ஃபான் வெல்ஸ்பாக். அவரது விளக்குக்காகத்தான் மணவாளக்குறிச்சி மணல் முதலில் கப்பல் ஏறியது.

இன்று அங்கே மணலைப் பிரிக்கும் பொதுத்துறை நிறுவனம் ஐ.ஆர்.இ.எல். தோரியம் அணுசக்திப் பொருள் என்பதால் மோனசைட் அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இந்திய மோனசைட்டின் அருமண்களில் ஏறத்தாழப் பாதி சீரியம், ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் நியோடிமியம், 5 சதவீத அளவில் பிரசியோடிமியம். எர்பியமும் ஹோல்மியமும் அதில் மிகச் சொற்பம். அவற்றுக்கு உலகம் நம்பியிருப்பது தென்சீனத்தில் உள்ளவை போன்ற களிமண் படிவுகளை.

அருமண்களின் விலையைத் தீர்மானிப்பது பீங்கான் அல்ல, காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, நியோடிமியமும் பிரசியோடிமியமும் மோட்டார்களுக்கும் காற்றாலைகளுக்கும் போகின்றன. 2010-ல் சீனா ஏற்றுமதியைக் குறைத்தபோது விலை தாறுமாறாக ஏறி 2011-ல் உச்சம் தொட்டது. டைல்ஸ் மஞ்சளும் அதோடு ஏறியது. சீரியத்துக்கு நேர்மாறான நிலைமை: நியோடிமியத்துக்காகத் தோண்டும்போதெல்லாம் அது உபரியாக வந்து குவிகிறது, விலை மலிவு. டைட்டானியத்தோடு சேர்த்தால் பொன் மஞ்சள் தரும். அதுவும் அணுவிட்டு அணு தாவும் நிறம் என்பதால் எந்த விளக்கின் கீழும் பெரிதாக மாறாது.

விளக்குக்கு விளக்கு மாறும் நிறம் வேண்டுமானால் நியோடிமியத்துக்கும் ஹோல்மியத்துக்கும் காசு கொடுத்தே ஆக வேண்டும். கணக்குப் போட்டால் பயப்படும் தொகை அல்ல. ஒரு சிறு கிண்ணத்துக்கு 50 கிராம் உலர் கிளேஸ் போதும்; 8 சதவீதம் என்றால் 4 கிராம் ஆக்சைடு. ஒரு மின்காரின் மோட்டார் காந்தத்தில் அருமண் பல நூறு கிராம் இருக்கும். ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் டைல்ஸ் ஓட்டும் ஆலைக்கு அந்த 8 சதவீதம் கட்டுப்படியாகாது. சிர்கானுக்குள் சில சதவீதம் அடைத்த மஞ்சள்தான் அதற்குச் சரி. நாளுக்குப் பத்துக் கிண்ணம் சுடும் பட்டறைக்கோ 40 கிராம் ஆக்சைடு போதும்.